தோற்ற ஆட்டம் கற்பிக்கும் பாடம்



சென்ற கோடை விடுமுறையில் திருவொற்றியூரிலிருந்து ஒரு தந்தை, தம் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "ஐயா, இவனுடைய சதுரங்கப் பயிற்சிக்கும், போட்டிகளின் நுழைவுக் கட்டணத்துக்கும், பயணத்துக்குமாக ஈராண்டுகளாகக் கடன் வாங்கிச் செலவழிக்கிறேன். தரப்புள்ளியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இத்தோடு நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி, கடைசியாகத் தோற்ற ஆட்டத்தை எனக்குக் காட்டுவாயா?" என்றேன். நகர்த்தல்களை எழுதிய தாளை அன்றைக்கே எறிந்துவிட்டானாம். "கணினியில் போட்டுப் பார்த்தேன், இருபத்து மூன்றாம் நகர்த்தல் தவறு என்று காட்டியது" என்றான். "அதை ஏன் ஆடினாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிட்டது. தவறு எது என்று அவனுக்குத் தெரியும். தவறு ஏன் நேர்ந்தது என்பது தெரியாது.

நம் சென்னையிலேயே இதற்குச் சான்றுகள் உள்ளன. 2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலகப் பட்டம் சூடிய குகேஷை யாவரும் அறிவோம். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஏறத்தாழ 2500 தரப்புள்ளியை எட்டும்வரை அவரைக் கணினியின் துணையை நாடவிடாமல், சொந்தச் சிந்தனையாலேயே ஆட்டங்களை ஆராயப் பழக்கினார். விடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. தேடிக் கண்டடைவது வேறு.

விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்பித்தவர் அவருடைய அன்னை சுசீலா. குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டில் வாழ்ந்த காலத்தில், தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களை, மகன் பள்ளியிலிருந்த வேளையில் அந்தத் தாய் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக அவர் உயர்ந்ததற்குப் பின்னே, அந்த மாலைப் பொழுதுகளும் உண்டு.

ஆகவே அந்தத் தந்தைக்கு நான் கூறியது இதுதான்: ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், மூன்று மாதங்களுக்குப் போட்டிகளை நிறுத்துங்கள். கடன் வளராது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தாள்கள் மிஞ்சியிருக்கும் பழைய தோல்விகளை, பலகையில் காய்களை வைத்து, மகன் மீண்டும் ஆடிப் பார்க்கட்டும். எங்கே அஞ்சினான், எங்கே அவசரப்பட்டான், எதிராளியின் எந்த எண்ணத்தைக் கவனியாது விட்டான் என்பதைத் தன் கைப்பட எழுதட்டும். அதன் பின்னரே கணினியிடமோ, வல்லவரிடமோ சரிபார்க்கட்டும். நாள்தோறும் இரண்டு மூன்று புதிர்களைக் காயைத் தொடாமல் மனத்திலேயே தீர்க்கட்டும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் இறுதியாட்டங்களைப் பழகட்டும். கைப்பேசியில் இரவெல்லாம் ஆடும் மின்னல் வேக ஆட்டம் விரல்களுக்குப் பயிற்சியாகலாம், சிந்தனைக்கு ஆகாது.

தந்தைக்கும் ஒரு வேலை கொடுத்தேன். போட்டியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், "வென்றாயா?" என்று முதலில் கேளாதீர்கள். "இன்று உன்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் எது?" என்று கேளுங்கள். தோல்விக்கு ஏச்சு விழும் வீட்டில், பிள்ளை தோல்வியை மறைக்கவே கற்றுக்கொள்வான். மறைத்த தவறை யார் திருத்த முடியும்?

மூன்று மாதம் கழித்துப் பையன் தனியே வந்து நோட்டை நீட்டினான். பதினொரு தோல்விகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் ஏழில், அவனே முன்னிலையில் இருந்திருக்கிறான். "ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தவுடன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறேன், ஐயா" என்றான். எந்தக் கணினியும் அவனுக்குச் சொல்லாத செய்தி அது.

தரப்புள்ளி இன்னும் உயரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் குகேஷ் ஆகப்போவதுமில்லை. ஆயினும், தன் தவறைத் தானே கண்டு, கூசாமல் எழுதிவைக்கக் கற்ற பிள்ளை, சதுரங்கத்தில் மட்டுமா முன்னேறுவான்? அப்பா அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். நோட்டில் பாதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.