ஒற்றை வீட்டுக்காரர் முதலாளியா?

வீட்டுக்காரர் என்றதும் நம் கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கிறது. கையிலே சாவிக்கொத்து, வாயிலே வெற்றிலை, மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நின்று மிரட்டும் குரல். நாடகமும் சினிமாவும் வளர்த்துவிட்ட உருவம் அது. அப்படிப்பட்டவர்கள் இல்லாமலும் இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, காலி செய்கிறபோது 'வெள்ளையடித்த செலவு' என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக் கொள்ளும் பேர்வழிகளை நாம் நன்றாகவே அறிவோம். அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை.

நாம் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. முப்பது ஆண்டு பஸ்ஸிலே டிக்கெட் கிழித்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பிராவிடண்டு பண்டு பணத்தைக் கொண்டு, குடியிருக்கும் வீட்டுக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எழுப்பி, "மாதம் எட்டாயிரம் வந்தால் மருந்துச் செலவுக்கு ஆகும்" என்று கணக்குப் போட்டவர் அவர். வியாசர்பாடியிலும் அம்பத்தூரிலும் திருவொற்றியூரிலும் தெருவுக்கு நாலு பேர் இப்படி உண்டு. கணவரை இழந்து, முன்கட்டை மட்டும் குடித்தனத்துக்கு விட்டு அந்த வருமானத்தில் காலந்தள்ளும் அம்மையாரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. இவர்களையும் முதலாளி என்று அழைத்தால், உண்மையான முதலாளி கேட்டுச் சிரிப்பான்!

இவருடைய கணக்கு எங்கே தவறுகிறது?

அட்வான்ஸிலேயே தவறுகிறது. வாடகை 8,000 ரூபாய் என்றால் அட்வான்ஸ் 80,000 ரூபாய். சென்னையிலே நெடுநாளாக நடக்கும் வழக்கம் இது. அந்தப் பணம் வந்த அன்றே போர்வெல்காரருக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் பாக்கி தீர்க்கப் போய்விடுகிறது. வருமானம் வந்ததாக அவர் நினைக்கிறார். வந்தது கடன். வட்டியில்லாத கடன் என்பதால் அதன் முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆறாவது மாதம் வாடகை வரவில்லை. கேட்டால், "அட்வான்ஸிலே கழித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று அமைதியாகப் பதில் வருகிறது. எதிலே கழிப்பது? பணம் பூமிக்கடியில் குழாயாக அல்லவா இறங்கிக் கிடக்கிறது! பத்து மாதம் இப்படியே கழிந்தபின், வீட்டுக்காரர் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. உடைந்த கதவுக்கும் பெயர்ந்த தரைக்கும் கழித்துக்கொள்ளக்கூட ஒரு காசு மிச்சமில்லை.

நாணயமான குடித்தனக்காரர் கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. அவர் காலி செய்கிறார் என்றால், அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கித்தான் அவருக்குத் திருப்பித் தரவேண்டும். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் பழைய குடித்தனக்காரர் தெருவிலே நின்று கேட்பார். அவர் கேட்பது நியாயமே.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய என்றும் அதுவே சொல்கிறது. அந்த 'ஒழிய' என்ற இடுக்கு வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் தலை நிமிர்ந்து உள்ளே நுழைகிறது.

அடுத்தது செலவு. மாடியிலே தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும். மழையிலே தளம் ஒழுகினால் தட்டோடு பெயர்த்துப் பதிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்குச் சொல்ல வேண்டும். குடியிருப்பவர் கட்டாமல் போன கரண்டு பில் அவர் பின்னாலே போகாது; வீட்டுக்காரர் பெயரிலுள்ள இணைப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இவற்றோடு சொத்து வரி. 2022 இல் சென்னை மாநகராட்சியில் குடியிருப்புகளுக்கு, பரப்பளவையும் பகுதியையும் பொறுத்து, 25 சதவிகிதத்திலிருந்து 150 சதவிகிதம் வரை ஏற்றினார்கள். வாடகை வந்ததா, வரவில்லையா என்று வரிச்சீட்டு விசாரிப்பதில்லை.

வருமான வரிக்காரர்கூட இதை உணர்ந்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. வாடகை வருமானத்தைக் கணக்கிடும்போது, கட்டிய சொத்து வரியைத் தள்ளி, மிச்சத்தில் 30 சதவிகிதத்தையும் கழித்துவிட்டுத்தான் அவர் வரி போடுகிறார். ஆண்டுக்கு 96,000 ரூபாய் வாடகையில், சொத்து வரியைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 28,800 ரூபாய் தேய்மானத்துக்கும் பழுதுக்கும் போகும் என்று சர்க்காரே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். நம் கண்டக்டரோ எட்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கியதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வாடகை தராதவர்கள் எல்லோரும் எத்தர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆலை மூடியதால் வேலை போனவர் உண்டு, ஆஸ்பத்திரியிலே படுத்தவர் உண்டு. 2020 மார்ச் 29 அன்று, கொரோனா ஊரடங்கின்போது, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் ஆணையிட்டது. தொழிலாளிக்கு அந்த ஆதரவு தேவைதான். அதை மறுப்பவன் மனிதனல்லன். ஆனால் நாம் கேட்கிறோம்: அந்த ஒரு மாதச் சுமை யார் தோளில் இறங்கியது? ஐம்பது வீடு வைத்திருப்பவர், ஓர் அறை வைத்திருப்பவர் என்ற பேதம் அந்த ஆணையில் இல்லை. சர்க்கார் சுமக்க வேண்டியதை ஓய்வுபெற்ற கண்டக்டர் சுமந்தார்.

பொறுமை இழந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? மோட்டார் சுவிட்சை அணைக்கிறார். பியூஸைப் பிடுங்குகிறார். அக்கம்பக்கத்தார் தரும் யோசனை இதுதான். சட்டத்தின் 20 ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு போட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பணம் தராதவர் மனுதாரராகவும், பணம் இழந்தவர் குற்றவாளியாகவும் மாறி நிற்கும் கோலம் இப்படித்தான் ஏற்படுகிறது. மாடியிலே கைக்குழந்தை இருக்கும்போது தண்ணீரை நிறுத்துவது எந்த நியாயத்தாலும் தகாது என்பதையும் நாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் வழி என்ன? போர்க்காலத்து வீட்டு நெருக்கடியிலே பிறந்து, 1946, 1949, 1960 என்று உருமாறி வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், தந்தை தொடுத்த வழக்கை மகன் நடத்திய கதைகள் உண்டு. 2019 பிப்ரவரி 22 அன்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்து, பழையது நீங்கியது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் வட்டியோடு கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை, எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்த ஒப்பந்தம். நம் வீட்டுக்காரரிடம் இருப்பதோ புரோக்கர் கொடுத்த பதினொரு மாதப் பத்திரம்; சில வீடுகளில் அதுவும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். வாங்கிய வாடகைக்கு ரசீது தந்த வழக்கமும் கிடையாது. எத்தனை மாதப் பாக்கி என்பதையே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய நிலை.

காகிதம் இல்லாதது குடியிருப்பவருக்கும் ஆபத்து. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே, வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகச் சட்டம் வைத்திருக்கிறது. ஒழுங்காக வாடகை கொடுத்து வருகிறவரும் அதிலே அகப்படலாம். குழாய் மாற்றுவதும் ஒயரிங் செய்வதும் வெள்ளையடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் சாக்கடை அடைப்பும் குடியிருப்பவர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலே பிரித்து எழுதியிருக்கிறது. அதை இருவருமே படித்ததில்லை. மாதாமாதம் மாடிப்படியிலே நின்று சண்டை போடுகிறார்கள்.

டிபுடி கலெக்டர் தரத்து அதிகாரி ஒருவரை வாடகை அதிகாரி என்று அமர்த்திவிட்டால் போதாது. அவரைத் தேடிப் போக ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்கள்தான் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டவரின் வழக்கைத் தனி வரிசையில் வைத்து விரைந்து விசாரிக்க வேண்டும். வேலை இழந்த குடியிருப்போருக்குச் சில மாத வாடகையைச் சர்க்கார் நிதியிலிருந்து தர வேண்டும். சொத்து வரி வாங்கும் வார்டு அலுவலகத்திலேயே ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் வசதி வேண்டும். வரி கேட்டு வாசலுக்கு வருகிற ஊழியர் கையில், பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் அந்த அட்டவணையின் தமிழ்ப் பிரதிகள் இரண்டைக் கொடுத்தனுப்பட்டும். ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மாடிக்கு.