பாயிரம் இல்லாத பெருமை

விண்வெளித் தரவுகளைப் பொதுவில் வைக்கும்போது கூடவே வரும் அறிவிப்பு தெளிவாக இருக்கவேண்டும் என்று எழுதினேன். அதற்கு ஒரு நீண்ட மறுப்பு வந்திருக்கிறது. எழுதியவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் சொன்னதையே கருத்தரங்க மேடை முதல் டீக்கடை பெஞ்சு வரை பலரும் சொல்லிக்கொண்டிருக்க, எல்லாப் பழியையும் ஒரே தலையில் கட்டுவது நியாயமில்லை. அன்பர் என்றே அழைக்கிறேன். அவர் கட்சி இது: தரவு நிபுணருக்கு உரியது, மக்களுக்குப் படமும் பெருமிதமும் போதும்; தெளிவாக்கப் புகுந்தால் நுட்பம் கெடும்; தரவில் உள்ள குறையை வெளியே சொன்னால் மானம் போகும்; நம் மரபே தகுதி பார்த்துச் சொல்லும் சூத்திர மரபு; கடைசியாக, எல்லாவற்றையும் விளங்க எழுதிவைத்தால் அந்நியன் அள்ளிக்கொண்டு போவான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இவற்றையெல்லாம் மக்கள் படிக்கவே மாட்டார்கள், ஆகவே தெளிவு வீண் என்கிறார் ஓரிடத்தில். நான்கு பத்தி தாண்டியதும், குறைகளை எழுதினால் மக்கள் தப்பாகப் படித்து வதந்தி கிளப்புவார்கள் என்கிறார். படிக்காதவன் எப்படி ஐயா தப்பாகப் படிப்பான்? இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுத்தர அவர் தயாரா? தயாரில்லை, ஏனென்றால் முதலாவது சோம்பலுக்குத் துணை, இரண்டாவது அச்சத்துக்குத் துணை, இரண்டுமே அவருக்கு வேண்டும்.

படம் போதும் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1976 ஜூலையில் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. மறுநாள் அதன் முதல் வண்ணப்படத்தை அவசரமாக வெளியிட்டார்கள். வானம் நீலம், நம் ஊர் வானம் போலவே. நிற அளவீடு முடியாமல் வெளியான படம் அது. ஒரு நாளில் திருத்தம் வந்தது, வானம் இளஞ்சிவப்பாகிவிட்டது, கூடியிருந்த செய்தியாளர்கள் ஏமாற்றத்தில் கூச்சல் போட்டார்கள். நிறம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று முதல் நாளே ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த ஒரு வரியைத்தான் அன்பர் நிபுணத்துவ விஷயம் என்று மூட்டை கட்டி உள்ளே வைக்கச் சொல்கிறார்.

இனி, மக்களுக்கு எதற்குத் தரவு என்று அவர் ஏளனம் செய்யும் இடம். சென்னையில் உட்கார்ந்துகொண்டா இப்படிக் கேட்கிறார்? 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கிக் கலம் நிலவில் மோதியது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அந்த மாதம் 17 அன்று அந்த வட்டாரத்தைப் படமெடுத்தது, 26 அன்று படத்தொகுப்பு வெளியானது. எப்போது எடுத்தது, எந்த இடம், வெளிச்சம் எப்படி இருந்தது என்பதையும், அந்தி நேரமாதலால் நீண்ட நிழல்கள் பலவற்றை மறைத்திருக்கலாம், விக்ரமைத் தங்களால் அடையாளம் காண முடியவில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அன்பரின் அகராதியில் இது மானக்கேடு. விளைவு என்ன? சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்தப் படத்தை இறக்கி, பழைய படங்களோடு ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒற்றை வெண்புள்ளியைப் பிடித்து நாசாவுக்கு எழுதினார். அவர்கள் பிறகு எடுத்த படங்களோடு பொருத்திப் பார்த்து, டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லியே சிதைவுகளை உறுதிசெய்தார்கள். அவர் கண்ட துண்டு மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்தது. அவர் கோள் அறிவியல் நிபுணர் அல்லர். அன்பரின் வாயிற்காவலர் இருந்திருந்தால் உள்ளேயே விட்டிருக்கமாட்டார்.

இதே கதையின் மறுபக்கத்தை அன்பர் தொடவே இல்லை. விக்ரம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது என்று இஸ்ரோ செப்டம்பர் 10 அன்றே அறிவித்தது. அறிவிப்பு ஓரிரு வாக்கியம். படம் இல்லை, ஆள்கூறு இல்லை. டிசம்பரில் நாசாவின் செய்தி வந்தபோது, நாங்கள் முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டோமே என்றார் இஸ்ரோ தலைவர். சொன்னது உண்மைதான். ஆனால் யாராலும் போய்ப் பார்த்து ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல முடியாதபடி சொன்னது. மண்டபத்தின் பெயரில்லாத கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, முதல் ஆளாக அழைத்தது நான்தானே என்று உரிமை கொண்டாடுவதற்குச் சமம். இந்தச் சொற்சிக்கனத்தில் அன்பருக்கு ஏன் இத்தனை மயக்கம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது, தெளிவு நுட்பத்தைக் கெடுக்கும் என்ற பழைய பல்லவி. எளிமையாக எழுதுவதென்றால் எண்களை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போடுவது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் காயா இரண்டாம் தரவு வெளியீட்டைப் பார்க்கட்டும். 2018 ஏப்ரல் 25. சுமார் 169 கோடி பொருள்களின் இருப்பிடம். அவற்றில் 133 கோடிக்கு இடமாறு, அதாவது தொலைவை அளக்க உதவும் மிகச்சிறிய ஊசலாட்டம். இத்தனை பெரிய விருந்தோடு அவர்கள் ஒரு கசப்பையும் அன்றே பரிமாறினார்கள். குவேசார்கள் வெகுதொலைவில் இருப்பதால் அவற்றின் இடமாறு பூஜ்யமாக வரவேண்டும். ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட குவேசார்களை வைத்துச் சோதித்ததில் பூஜ்யத்துக்குப் பதிலாக மைனஸ் 0.029 மில்லி விகலை வருகிறது, எங்கள் அளவுகளில் இப்படியொரு சாய்வு இருக்கிறது, கவனித்துப் பயன்படுத்துங்கள் என்றார்கள்.

0.029 என்றால் அற்பம் என்று தோன்றும். ஒரு பாகையில் 3600 விகலை. அதில் ஒன்றை ஆயிரம் கூறு போட்டு, ஒரு கூற்றில் மூன்று சதவீதம். ஆனால் உண்மையான இடமாறே 0.1 மில்லி விகலையாக இருக்கும் ஒரு விண்மீனுக்கு இதைப் பொருத்துங்கள். 0.1 என்பது 0.071 ஆகிவிடும், ஏறத்தாழ 32,600 ஒளியாண்டு தொலைவில் இருப்பது 46,000 ஒளியாண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட வகுத்தல் போதும். இதில் எந்த நுட்பம் கெட்டது? தெளிவாகச் சொல்லாதிருந்தால்தான் கெட்டிருக்கும். சாய்வை அறியாதவர்கள் விண்மீன்களைக் கோடிக்கணக்கில் தவறான இடத்தில் நட்டு, அதன்மேல் கட்டுரைகளை அடுக்கியிருப்பார்கள். குறையைச் சொன்னதால் காயாவின் மானம் போனதா? வானியலில் இன்று அதிகம் பயன்படும் தரவுகளில் ஒன்று அது. அடுத்த வெளியீடுகளிலும் தன் குறைகளைத் தானே பட்டியலிட்டபடிதான் வந்தது.

நிபுணருக்குத் தெளிவு தேவையில்லை, அவர்கள் குறிப்பால் உணர்ந்துகொள்வார்கள் என்ற வரியைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. குறிப்பால் உணர்ந்த நிபுணர்களின் கதி அன்பருக்குத் தெரியாதா? தென்துருவத்தில் இயங்கிய பைசெப்2 தொலைநோக்கியின் குழு, பேரண்டம் கணத்தில் ஊதிப்பெருத்த காலத்து ஈர்ப்பலைகளின் தடத்தைக் கண்டுவிட்டதாக 2014 மார்ச் 17 அன்று அறிவித்தது. நம் பால்வெளித் தூசியும் அதே மாதிரித் தடம் காட்டும். தூசி எவ்வளவு என்பதற்கான நல்ல அளவு பிளாங்க் விண்கலத்திடம் இருந்தது. ஆனால் பைசெப்2 பார்த்த வான்பகுதிக்கான அந்தத் தரவு அப்போது வெளியாகியிருக்கவில்லை. ஆகவே பைசெப்2 குழு தன் தூசி மாதிரிகளில் ஒன்றுக்கு, ஒரு மாநாட்டு உரையில் திரையில் காட்டப்பட்ட பிளாங்க் வரைபடத்தை எண்ணாக மாற்றிப் பயன்படுத்தியது! திரையில் காட்டுவதற்கென்றே செய்த படம் அது. இதழில் வெளியான வடிவத்தில் அந்த மாதிரியை விலக்கிக்கொண்டார்கள். 2015 ஜனவரியில் இரு குழுவும் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கண்டதில் பெரும்பங்கு தூசி என்றாயிற்று. உலகின் தலைசிறந்த நிபுணர்களுக்கே முறையான வெளியீடும் தெளிந்த குறிப்பும் இல்லாமல் இந்த நிலை. அன்பரின் நிபுணர்கள் எந்தக் கிரகத்தில் வாழ்கிறார்கள்?

கெப்ளர் விண்தொலைநோக்கியைத் துணைக்கு அழைத்திருக்கிறார், பாவம். நாசாவே மறைத்ததே, நாம் மறைத்தால் என்ன என்பது வாதம். 2010 ஜூனில் கெப்ளர் குழு 306 கோள் வேட்பாளர்களை வெளியிட்டு 400-ஐ நிறுத்திவைத்தது மெய். சர்ச்சை எழுந்ததும் மெய். ஆனால் எத்தனையை நிறுத்தியிருக்கிறோம், 2011 பிப்ரவரி வரை நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். தருவது, தராதது, தரும் நாள் மூன்றும் எழுத்தில் இருந்தன. அது சரியா தவறா என்று சண்டை போட முடிந்ததே அந்த எழுத்தால்தான். தராமல் இருப்பதும் மங்கலாகச் சொல்வதும் ஒன்றல்ல என்ற பேதம் விளங்காதவர், நுட்பம் கெடுகிறது என்று கவலைப்படுவதுதான் விசித்திரம்.

மங்கலில் ஏன் இத்தனை மயக்கம்? திட்டவட்டமாகச் சொன்னவனிடம் கேள்வி கேட்கலாம். இந்தக் கருவி, இந்தத் தேதிகள், கச்சாத் தரவா அளவீடு செய்ததா, எந்தப் பதிப்பு, எங்கே பிழை என்று எழுதிவிட்டால், நாளைக்கே ஒரு முனைவர் பட்ட மாணவி கணக்குப் போட்டுப் பார்த்து, ஐயா இது பொருந்தவில்லையே என்று நிற்பாள். பெருமிதத்தை மட்டும் அறிவித்தவனை யாரும் எதுவும் கேட்க முடியாது; வென்றால் அன்றே சொன்னோம், தோற்றால் நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே. அன்பர் காப்பாற்றத் துடிப்பது அறிவியலை அல்ல, அலுவலகத்தை. பட்டங்களும் பதவிகளும் வரிசைகட்டும் அவர் நடையைப் பார்த்தாலே எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார் என்பது வாசகருக்கு விளங்கும்.

இப்போது மரபுக்கு வருவோம். வேண்டாத இடத்தில் கைவைத்துவிட்டார். சூத்திரம் சுருங்கியதுதான், ஆனால் பவணந்தியார் நன்னூலில் நூலின் அழகுகளை எண்ணும்போது சுருங்கச் சொல்லலோடு விளங்க வைத்தலையும் சேர்த்தே எண்ணுகிறார். குற்றங்களை எண்ணும்போது குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் அதில் வருகின்றன. அன்பர் ஓர் அழகைப் பிடித்துக்கொண்டு இரண்டு குற்றங்களுக்கு வக்காலத்து வாங்குகிறார். போகட்டும். சிறப்புப்பாயிரம் என்று ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லையா? யார் செய்தது, எதன் வழிவந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எப்படித் தொகுக்கப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்கத் தக்கவர், கேட்டால் என்ன பயன் என்று எட்டையும் நூலின் முகப்பிலேயே சொல்லிவிடவேண்டும் என்கிறது நன்னூல். காலம், களம், காரணம் என்று இன்னும் மூன்றைக் கூட்டிக்கொள்வாரும் உண்டு. கருவி, மூலத்தரவு, வானில் எந்தப் பரப்பு, தொகுப்பின் பெயரும் பதிப்பும், கோப்பு வடிவம், அளக்கப்பட்ட பொருள், பயனர், பயன் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கட்டும். எவ்வளவு அகன்ற நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே அல்ல என்ற அளவுக்குப் போன மரபை, ஒன்றும் சொல்லாமல் நெஞ்சை நிமிர்த்துவதற்குச் சாட்சிக்கு இழுத்து வந்திருக்கிறார்.

எஞ்சியிருப்பது அந்நியன் அள்ளிக்கொண்டு போவான் என்ற பயம். நிலவில் நீரைக் கண்ட நாடு என்று அவர் மூன்று இடத்தில் மார்தட்டுகிறார். 2008-இல் புறப்பட்ட சந்திரயான்-1 சுமந்துசென்ற எம்3 என்ற நாசா கருவியின் தரவிலிருந்து வந்த முடிவு அது. 2009 செப்டம்பரில் வெளியானபோது சந்திரயான்-1 மௌனமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உடன் நின்ற மற்ற இரண்டு சாட்சிகளில் ஒன்று டீப் இம்பாக்ட் கலத்தின் அளவீடு. இன்னொன்று சனிக்குப் போகிற வழியில் 1999 ஆகஸ்டில் நிலவைக் கடந்த காசினி எடுத்துவைத்த தரவு, பத்து ஆண்டு கழித்துப் பிரித்துப் பார்க்கப்பட்டது. அந்நியர் கருவியும் அந்நியர் தரவும் சேர்ந்து தந்த பெருமை அது. சந்திரயான்-2 தரவுகளின் முதல் தொகுப்பை இஸ்ரோவும் 2020 டிசம்பர் 24 அன்று, உலகம் முழுதும் கோள் அறிவியலார் கையாளும் பிடிஎஸ்4 வடிவத்தில்தான் வெளியிட்டது. கருவியும் நேரமும் அளவீட்டு நிலையும் தரவோடு சேர்த்து எழுதிவைக்கும் வடிவம் அது. அன்பர் காப்பாற்ற வந்த நிறுவனமே அவருடைய கட்சியில் இல்லை. அவர் இனி யாருக்காக வாதாடுகிறார் என்பதை அடுத்த மறுப்பில் சொல்லட்டும், முடிந்தால் தெளிவாக.