சொல்லியாகிவிட்டது, அப்புறம்?



இந்த இதழுக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: “எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.” கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இருந்து எழுதும் மருத்துவரும் இதைத்தான் எழுதுகிறார். நகரத்தில் நாய், பூனைகளுக்கு கிளினிக் வைத்திருப்பவரும் இதைத்தான் எழுதுகிறார். சினை ஊசி போட மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவரும் இதையேதான் எழுதுகிறார். குடற்புழு மருந்து, மடிநோய், வெறிநோய்த் தடுப்பூசி, நாயின் எடை என்று விஷயம் மாறுமே தவிர வருத்தம் மாறுவதில்லை.

எழுதுகிறவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், பலமுறை சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்த மாதம் அந்தச் ‘சொல்வதை’யே கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது.

மடிநோயை எடுத்துக்கொள்வோம். மடி வீங்கிய மாட்டோடு ஒருவர் மருந்தகத்துக்கு வருகிறார். ஊசி போட்டாகிறது. அதன்பின் மருத்துவர் ஒரே மூச்சில் சொல்கிறார்: “கறக்கறதுக்கு முன்னாடி மடியைக் கழுவித் துடைங்க, கறந்ததும் காம்பை மருந்துல முக்குங்க, அரை மணி நேரம் படுக்க விடாதீங்க, கட்டுத்தரை ஈரமில்லாம இருக்கணும், ஊசியைப் பாதியில நிறுத்திடாதீங்க, மருந்து போட்ட மாட்டுப் பாலைக் கொஞ்ச நாள் ஊத்தாதீங்க.” வந்தவர் சொல்கிறார்: “சரிங்க சார்.” பின்னால் இன்னும் இருபது பேர் ஆடும் மாடும் கோழியுமாக நிற்கிறார்கள்.

அந்த “சரிங்க சார்” ஒரு மரியாதைச் சொல். படித்தவர், நல்லது சொல்கிறார், அவர் முகத்துக்கு நேரே “அது நம்மால் ஆகாது” என்று சொல்வது நம் ஊரில் வழக்கமில்லை. பேச்சு முடிந்தது, நான் கிளம்புகிறேன் என்பதுதான் அதன் பொருள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே மாடு அதே நோயோடு வந்தால் கோபப்படுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டி வந்தவர் வீட்டுக்காரர். விடியற்காலை பால் வண்டி வருவதற்குள் எழுந்து, கட்டுத்தரை கூட்டி, உட்கார்ந்து கறப்பது பெரும்பாலான வீடுகளில் அவர் மனைவி. ஆறு அறிவுரையும் போய்ச் சேர்ந்தது கறக்காதவர் காதுக்கு. அவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? “ஊசி போட்டாங்க, சரியாயிடும்னாங்க.” அவ்வளவுதான் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

கொங்குப் பக்கம் பணியாற்றும் மருத்துவ நண்பர் ஒருவர் வேறு மாதிரி பேசிப் பார்க்கிறவர். ஒரு வீட்டில் அவர் நடத்திய பேச்சை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மாடு பார்த்து முடித்ததும் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

“ஏனுங்கக்கா, காலையில கறக்கறது யாருங்க?”

“நான்தானுங்க. அவரு கொண்டுபோய் ஊத்தறதோட சரி.”

“பால் எப்படிங்க போகுது?”

அவ்வளவுதான் கேள்வி. அந்த அம்மா கொட்டிவிட்டார். “போன மாசத்துல இருந்து எஸ்.என்.எஃப். இறங்கீருச்சுங்க. தண்ணி கலக்கறேன்னு சொசைட்டியில எல்லாரு முன்னாலயும் கேட்டுப்போட்டாங்க. கட்டுபடியாகறது கிடக்கட்டுங்க, நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்துனவ இல்லீங்க.”

மடிநோய் என்ற சொல்லே இன்னும் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு எது வலிக்கிறது என்று தெரிந்துவிட்டது. நண்பர் வண்டிப் பெட்டியில் இருந்து நான்கு குழியுள்ள பரிசோதனைத் தட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு காம்பில் இருந்தும் கொஞ்சம் பால், அதே அளவு சி.எம்.டி. எனும் மடிநோய்ப் பரிசோதனைக் கரைசல், தட்டைக் கிடையாகப் பிடித்து வட்டமாக ஒரு சுழற்று. மூன்று குழியில் பால் தண்ணீர்போல ஓடியது. நான்காவதில் கொழகொழவென்று கட்டிக்கொண்டு தட்டோடு நகர்ந்தது. வெளியே வீக்கம் கிடையாது, பாலில் திரியும் கிடையாது. மறைந்திருக்கும் மடிநோய். இதில் பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப்., இறங்கும்.

“அப்ப இதனாலதானுங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

கேள்வி அவரிடமிருந்து வந்தபிறகுதான் நண்பர் விளக்கினார். கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை, அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் மாடு சாணத்திலும் ஈரத்திலும் படுத்தால் கிருமி உள்ளே போகும் என்று சொல்லிவிட்டு, “கறந்ததும் உங்க மாடு என்னங்க பண்ணும்?” என்றார்.

“படுத்துக்குமுங்க. தீவனம்தான் தின்னு முடிச்சிருமே.”

“தீவனம் எப்ப வெக்கறீங்க?”

“கறக்கையிலதானுங்க. இல்லீன்னா நிக்காது.”

இங்கேதான் நம்மில் பெரும்பாலோர் குறுக்கே விழுந்து “அப்படிச் செய்யாதீர்கள்” என்போம். நண்பர் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, “உங்களுக்கு எப்படிங்க தோதுப்படும்?” என்று கேட்டுச் சும்மா இருந்துவிட்டார். சும்மா இருப்பது கஷ்டம். முயன்று பாருங்கள், தெரியும்.

“சோளத்தட்டைக் கொஞ்சம் எடுத்து வெச்சு, கறந்ததுக்கப்புறம் போடறனுங்க. அதைத் தின்னு முடிக்கறதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிருமுங்க.”

செலவில்லை, புது வேலையில்லை, யோசனையும் அவருடையது. காம்பு முக்கும் மருந்தைப் பற்றி அன்று பேசவே இல்லையாம், அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டார். மாடு குணமாயிற்றா என்று கேட்பீர்கள். சோளத்தட்டு போட்டால் உள்ளே இருக்கும் கிருமி போகாது, அந்தக் காம்புக்குச் சிகிச்சை தனியாக நடந்தது. ஆனால் மற்ற மூன்று காம்புகளைக் காப்பாற்றுகிற ஒரு பழக்கம் அந்தக் கட்டுத்தரைக்கு வந்துவிட்டது.

நண்பர் செய்தது திறமையான பேச்சு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் ஒரு பாடமே இருக்கிறது. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை அளித்துவந்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991-இல் அதைப் புத்தகமாக்கினார். அவர்கள் சொல்வது இதுதான்: பழக்கத்தை விட நினைப்பவர் எப்போதும் இரு மனதாகத்தான் இருப்பார். விட வேண்டும் என்றும் தோன்றும், முடியாது என்றும் தோன்றும். நீங்கள் ‘விடு’ என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினால், அவருக்கு மிச்சமிருப்பது ‘முடியாது’ என்ற பக்கம்தான். அதற்கு அவர் காரணம் அடுக்கத் தொடங்குவார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உறுதிப்படும். தப்பு கண்ணில் பட்டதும் திருத்திவிட வேண்டும் என்று நமக்குள் எழும் துடிப்பே காரியத்தைக் கெடுக்கிறது. நல்லெண்ணத்தில் எழுகிற துடிப்பு என்பதால் அதை அடக்குவது இன்னும் கஷ்டம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பண்ணையாளராக நடித்த ஒருவரிடம் கால்நடை மருத்துவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். அங்கும் கதை இதேதான். மருத்துவர் சொல்கிறார், பண்ணையாளர் கேட்டுக்கொள்கிறார். பண்ணையாளரின் கருத்தை வரவழைத்துப் பேசுவது குறைவு. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல, தொழிலுக்கே உள்ள குணம்.

ஆனால் மனம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் பேராசிரியர் சூசன் மிச்சியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2011-இல் சொன்ன கணக்கு எளிமையானது. ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், செய்ய வசதி இருக்க வேண்டும், செய்ய மனமும் இருக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் முதலாவதிலேயே போட்டுக் குழப்புகிறோம். தெரியாததால்தான் செய்யவில்லை என்று நினைத்துத் துண்டறிக்கை அச்சடிக்கிறோம். கறவை மாட்டுக்கு எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? வெயில் காலத்தில் நன்றாகக் கறக்கும் மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டர்வரை குடிக்கும். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் ஆறேழு குடம், ஒரு மாட்டுக்கு மட்டும். தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், அதைச் சுமப்பவர் இடுப்பைப் பற்றிக் கேட்காமல் தண்ணீர் வையுங்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அங்கே தேவைப்படுவது ஒரு தொட்டியும் குழாய்த் துண்டும். அதற்கு எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று சொல்வதுதான் அன்றைய வைத்தியம்.

மருந்து போட்ட மாட்டின் பாலை ஊற்றாதீர்கள் என்பதும் இந்த வகைதான், இன்னும் கடினமானது. அந்த வீட்டுக்கு அன்றைய வரும்படியே அந்தப் பால்தான். எத்தனை இதமாகப் பேசினாலும் ஒருவரின் மனத்தை மாற்றி இதைத் தீர்த்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. பால் சங்கமும் ஒன்றியமும் சேர்ந்து அந்த நாட்களின் நட்டத்தில் ஒரு பங்கை ஏற்காத வரை, “சரிங்க சார்” தொடரத்தான் செய்யும்.

நகரத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு கிளினிக். மேசைமேல் ஏற்றவே இரண்டு பேர் தூக்க வேண்டிய லாப்ரடார். கூட்டி வந்திருப்பது மகள். “எடை அதிகம், பிஸ்கட்டை நிறுத்துங்க” என்கிறார் மருத்துவர். “சொல்றேன் டாக்டர்” என்கிறார் மகள். கவனித்தீர்களா, ‘நிறுத்துறேன்’ இல்லை, ‘சொல்றேன்’. பிஸ்கட் போடுவது தாத்தா. மாலை காபிக்கு இரண்டு தனக்கு, நான்கு அதற்கு. அந்த வீட்டில் அவரைத் தேடி வந்து காலடியில் உட்காரும் ஒரே ஜீவன் அது. அந்தப் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்வது யாரிடம் எதைப் பிடுங்குவது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தாத்தாவையும் ஒருநாள் கூட்டி வரச் சொல்லலாம். அவர் கையையே எடுத்து நாயின் விலாமேல் வைத்து, எலும்பு தட்டுப்படுகிறதா என்று கேட்கலாம். சரியான எடையுள்ள நாய்க்கு லேசாகத் தடவினாலே விலா எலும்பு விரலில் தெரியும். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உண்டு. உடன்பிறந்த குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி போட்டார்கள். குறைவாகத் தின்றவை 13 வயதுவரை வாழ்ந்தன, மற்றவை 11 வயதைக் கொஞ்சம் தாண்டின. ஏறக்குறைய இரண்டு வருடம். இதை மகளிடம் சொன்னால் தகவல். தாத்தாவிடம் சொன்னால், அவர் மனத்துக்குள்ளேயே கணக்குப் போடுவார். பிறகு “மாலையில் அதற்கு என்ன கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள் ஐயா?” என்று கேட்டால், அன்றைய தீனியில் இருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அவர் நாற்காலி பக்கத்தில் ஒரு டப்பாவில் வைப்பது என்ற யோசனை அவரிடமிருந்தே வரக்கூடும். கொடுக்கும் கையும் நிற்காது, எடையும் ஏறாது.

இதெல்லாம் பேச நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆறு அறிவுரை சொல்லும் நேரத்தில் இரண்டு கேள்வி கேட்டு ஒரு பதிலைக் கேட்கலாம் என்பதுதான் என்னிடம் உள்ள பதில். முழுமையான பதில் இல்லைதான்.

கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாத இடங்களும் உண்டு. நாய் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், உங்களுக்கு எப்படித் தோதுப்படும் என்று கேட்கும் நேரமா அது? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்து, தடுப்பூசிக்கு உடனே அனுப்ப வேண்டும். அங்கே அதட்டல்தான் அன்பு. அவர் வீட்டு நாய்க்கு ஏன் இதுவரை தடுப்பூசி போடவில்லை என்பதை ஆறியபிறகு பேசிக்கொள்ளலாம்.

இந்த இதழில் கோடைக்கால மாட்டுப் பராமரிப்பு குறித்து நீண்ட கட்டுரை வந்திருக்கிறது. மருத்துவக் குறிப்புகள் அதில் நிறைய இருக்கின்றன. படிக்கும்போது, அவற்றில் எதை எந்த வீட்டில் யாரிடம் முதலில் கேட்பது என்று பக்க ஓரத்தில் குறித்துவையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அடுத்த சில இதழ்களில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க நினைக்கிறேன். உரிமையாளரோடு நீங்கள் பேசிய ஒரு பேச்சை, இருவர் சொன்னதையும் சொன்ன வாக்கிலேயே எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும், நாங்கள் திருத்த மாட்டோம். மாட்டுக்காரர் பெயரும் ஊரும் வேண்டாம். கேட்டு நடந்தவர்களின் கதையை மட்டும் அனுப்பாதீர்கள், கேட்காமல் போனவர்களுடையதும் வரட்டும். அந்தக் கடிதங்களில் “எவ்வளவு சொன்னாலும்” என்று தொடங்கும் வரிக்குப் பின்னால், அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் ஒரு வரி இருந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்