ஒரு சோறு பதமாகுமா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்களையில் இவ்வாக்குப் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால், அரிசியை உலையில் இடுமுன்னரே ஒருவர் பதம் பார்க்கப் புகுந்தால் அவரை நாம் என்னென்போம்? ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்க நாட்டிலே இலட்சக்கணக்கான உதைபந்தாட்ட இரசிகர்கள் இக்காரியத்தையே பேரூக்கத்துடன் செய்து வருகின்றனர்.

அவர்கள் உதைபந்தாட்டம் என வழங்குவது நம் மைதானங்களில் ஆடப்படும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு ஒருவரையொருவர் மோதி வீழ்த்தியும் ஆடுவது அது. றக்பி ஆட்டத்துக்கு நெருங்கிய உறவு எனலாம். அந்நாட்டின் தேசிய உதைபந்தாட்ட லீக்கிலே 32 கோஷ்டிகள் உள. செப்டெம்பரில் அவற்றின் போட்டிப் பருவம் தொடங்கும். அதற்குமுன், ஓகஸ்டில், ஒவ்வொரு கோஷ்டியும் பொதுவாக மூன்று ஒத்திகை ஆட்டங்கள் ஆடும். 2020க்கு முன்னர் இவை நான்காக இருந்தன. இவற்றில் வென்றாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலிலே ஒரு கோடுதானும் ஏறாது.

ஏறாவிட்டால் என்ன? ஒத்திகை ஆட்டம் முடிந்த மறுநாட் காலையிலேயே விவாதம் மூண்டுவிடும். முடிதிருத்தும் நிலையத்திலும், தொழிற்சாலை உணவுச்சாலையிலும், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதுவே பேச்சு. வாதிப்போரை மூன்று வகுப்பினராகப் பிரிக்கலாம். முதல் வகுப்பினர் நம்பிக்கையாளர். நேற்றைய வெற்றியை நீட்டி அளந்து, வெற்றிக்கிண்ணத்தை இப்போதே ஊருக்குக் கொண்டுவந்துவிடுவர். இரண்டாம் வகுப்பினர் நொந்தவர். தந்தையார் காலத்திலும் பாட்டனார் காலத்திலும் கேட்ட கதை இது என்று கூறிக் கையை விரிப்பர். மூன்றாம் வகுப்பினர் கணக்கர். எத்தனை முறை பந்தெறிந்தான், எத்தனை யார் தூரம் முன்னேறினான் என்று எண்களை அடுக்கி, ஏனைய இரு திறத்தாரையும் வாயடைக்கப் பார்ப்பர். மூவரும் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடார்.

இவ்விவாதத்துக்கு வரலாறு கூறும் தீர்ப்பு யாது? மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பேர்போன டெற்றோயிற் நகரின் லயன்ஸ் கோஷ்டி, 2008ஆம் ஆண்டில் நான்கு ஒத்திகை ஆட்டங்களிலும் வெற்றிவாகை சூடியது. நம்பிக்கையாளர் துள்ளிக் குதித்தனர். பின்னர் பருவம் தொடங்கியது. பதினாறு ஆட்டங்கள் ஆடினர், பதினாறிலும் தோற்றனர்! லீக்கின் வரலாற்றிலே அத்தகைய பேறு பெற்ற முதற் கோஷ்டி அதுவே.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2017இல் கிளீவ்லாந்து நகரின் பிறவுண்ஸ் கோஷ்டியும் நான்கு ஒத்திகை ஆட்டங்களிலும் வென்றது. அவர்களும் பதினாறுக்குப் பதினாறு தோற்றனர். ஆயினும் அந்நகரத்து இரசிகர்களின் மனத்திண்மையை நாம் மெச்சாதிருத்தலியலாது. 2018 ஜனவரி 6ஆந் திகதி, உடல் விறைக்கும் குளிரிலே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தம் மைதானத்தைச் சுற்றிப் பூச்சியத்தின் வடிவில் ஊர்வலஞ் சென்றனர். தோல்வியைக் கண்டு அழுவதற்குப் பதிலாகச் சிரித்துத் தீர்த்தனர். அடுத்த ஓகஸ்ட் வந்தபோது, அதே மக்கள் அதே விவாதத்தைத் தொடங்கினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நான்கு வெற்றிகளும் ஏன் ஒன்றுக்கும் உதவாமற் போயின? காரணம் மிக எளிது. ஒத்திகை ஆட்டத்திலே கோஷ்டியின் முன்னணி வீரர் சிறிது நேரமே ஆடுவர். சிலர் மைதானத்துள் இறங்குவதேயில்லை. கணக்கில் வராத ஆட்டமொன்றில் அவர்கள் காலை முறித்துக்கொள்வதைப் பயிற்சியாளர் விரும்பாரன்றோ? அவர் தம் சிறந்த தந்திரங்களையும் வெளிக்காட்டார். எதிர்த்தரப்பாரின் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே, பெரும்பாலும் பதிலாட்டக்காரர் பதிலாட்டக்காரரோடு மோதும் ஆட்டமே அது. உலையில் இன்னும் அரிசி விழவில்லை. இதிலே பதம் பார்ப்பது எங்ஙனம்?

அங்ஙனமாயின் அவ்வாட்டம் வீண் வேடிக்கைதானா என்று வாசகர்கள் வினவலாம். இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. கோஷ்டியின் தலைவிதியை அவ்வாட்டம் உரைப்பதில்லை. ஆனால் சில மனிதரின் தலைவிதியை அது தீர்த்துவிடுகின்றது.

பயிற்சிக் காலத்திலே ஒவ்வொரு கோஷ்டியும் 90 பேரை வைத்திருக்கலாம். ஓகஸ்ட் இறுதியில் அத்தொகை 53 ஆகக் குறைக்கப்படல் வேண்டும். கோஷ்டிக்கு 37 பேர். 32 கோஷ்டிகளுக்குங் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 1,200 இளைஞர் தம் இடத்தை இழப்பர். அவர்களுட் சிலரை, கோஷ்டிக்குப் பதினாறு பேரளவில், பயிற்சிக்குரிய துணை ஆட்டக்காரராகக் குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் சேர்த்துக்கொள்வர். எஞ்சியோர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஆட்டக்காரருக்கு உரிய சம்பளம் பருவம் தொடங்கிய பின்னரே வழங்கப்படும். ஓகஸ்டில் அவர்கள் பெறுவது படிப்பணம் மாத்திரமே. ஆதலின், பள்ளிப் பருவந்தொட்டு வியர்வை சிந்தி உழைத்த உழைப்பின் பலன், அந்த மூன்று ஆட்டங்களில் கிடைக்கும் சில நிமிடங்களிலே தொங்கிக்கொண்டிருக்கின்றது.

அவர்களுடைய நிலையைக் காட்ட ஒரு சிறு செய்தி போதும். ஆட்டக்காரர் தொகை மிகுதியாயிருப்பதால் ஒத்திகைக் காலத்திலே ஒரே எண்ணை இருவர் அணிவதும் உண்டு. தனக்கென ஓர் எண்தானும் இல்லாதவன், தனக்கென ஓர் இடத்துக்காகப் போராடுகின்றான்! இடமிழந்தோரைத் தேடி வரும் அலுவலருக்கு ஆட்டக்காரர் இட்ட பட்டப்பெயர் 'துருக்கர்' என்பதாகும். அவர் வந்து, ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ஏட்டையும் எடுத்துக்கொண்டு பயிற்சியாளரைக் காணும்படி கூறினால், முடிவு இன்னதென்பது எவர்க்கும் விளங்கும்.

இவ்வாறு திருப்பியனுப்பப்பட்ட ஒருவரின் கதையை நாம் இங்கு நினைவுகூர்வோம். கேர்ட் வோர்னர் என்பவரை 1994இல் கிறீன் பே பக்கேர்ஸ் கோஷ்டி பயிற்சிக் காலத்திலேயே நீக்கிவிட்டது. அவர் அயோவா மாநிலத்திலுள்ள சீடர் போல்ஸ் என்னும் ஊருக்குத் திரும்பி, ஒரு பலசரக்குக் கடையிலே இரவு வேளைகளில் தட்டுகளில் பொருள்களை அடுக்கும் வேலை பார்த்தார். மணித்தியாலத்துக்கு ஐந்தரை டொலர் கூலி. பின்னர் உள்ளரங்கப் போட்டிகளிலும், கடல் கடந்து அம்ஸ்டர்டாம் நகரிலும் ஆடி, 1998இல் செயின்ற் லூயிஸ் றாம்ஸ் கோஷ்டியில் பதிலாட்டக்காரராக இடம்பிடித்தார்.

1999 ஓகஸ்டில் நடந்த ஓர் ஒத்திகை ஆட்டத்திலே, அக்கோஷ்டி பெரும் பொருள் கொடுத்துக் கொணர்ந்த ட்ரென்ற் கிறீன் முழங்காலிற் கடுங்காயமுற்றார். பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் தலைமை இடம் அவருடையது. முந்திய பருவத்திலே பதினாறு ஆட்டங்களில் நான்கில் மாத்திரமே வென்ற கோஷ்டி அது. இருந்த ஒரே நம்பிக்கையும் வீழ்ந்துவிட்டது. அந்நகரத்து விவாதங்களில் அன்று நொந்தவர் பக்கமே ஓங்கியிருந்ததில் வியப்பில்லை. வெற்றிடத்தை நிரப்ப, இருபத்தெட்டு வயதான வோர்னர் இறங்கினார். அப்பருவத்தில் 13 ஆட்டங்களில் றாம்ஸ் வென்றது. 2000 ஜனவரி 30ஆந் திகதி, சுப்பர் போல் எனப்படும் இறுதிப் போட்டியிலே டென்னசி டைற்றன்ஸ் கோஷ்டியை 23-16 எனத் தோற்கடித்து வாகை சூடியது. அப்போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டவர் வோர்னரே.

டெற்றோயிற் மக்கள் ஓகஸ்டில் மகிழ்ந்தனர்; செயின்ற் லூயிஸ் மக்கள் ஓகஸ்டில் மனமிடிந்தனர். காலம் இருசாராரின் கணக்கையும் தலைகீழாக்கிவிட்டது. எனினும் இரசிகர்களை விவாதத்தைக் கைவிடுமாறு நாம் கூறவரவில்லை. பருவம் தொடங்குமுன் எல்லாக் கோஷ்டிகளும் சமமே. எல்லா ஊர்களுக்கும் ஒரு மாத காலம் கனவு காண உரிமையுண்டு. அவ்வுரிமையைப் பறிப்பது நியாயமாகாது.

நாம் வேண்டுவது ஒன்றே. ஒத்திகை ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கு வரும்பொழுது, முன்னணி வீரர் ஓரமாக அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பர். பார்வையாளரிற் பலர் எழுந்து வீடு நோக்கிச் செல்வர். மைதானத்தில் நிற்பவர்களின் பெயர் ஒருவர்க்குந் தெரியாது. அவ்வேளையிலேதான் மெய்யான போட்டி தொடங்குகின்றது. வென்றது எந்தக் கோஷ்டி என்பதை மறுநாள் பத்திரிகையிற் படித்துக்கொள்ளலாம். ஆனால் நாளை மறுநாள் பெட்டியைக் கட்டவிருக்கும் ஓர் இளைஞன், விழுந்து புரண்டு பந்தைப் பற்றியெழும்போது, அவனுக்காகக் கைதட்டச் சிலராவது இருக்கையில் இருத்தல் வேண்டும். அவனுக்கு அது ஒத்திகையன்று.