விடுப்பில் ஊருக்கு வந்த சிப்பாய் எங்கே?

எரிக் மரியா ரெமார்க் எழுதிய முதல் உலகப் போர் நாவல் 1929 ஜனவரியில் ஜெர்மனியில் புத்தகமாக வெளிவந்தது. ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ என்ற ஆங்கிலப் பெயரில்தான் உலகம் அதை அறியும். அதே பெயரில் மூன்று படங்கள் வந்துவிட்டன. 1930-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் ஹாலிவுட்டில் எடுத்தார். 1979-இல் டெல்பர்ட் மான் தொலைக்காட்சிக்காக எடுத்தார். 2022-இல் எட்வர்ட் பெர்கர் நெட்ஃப்ளிக்ஸுக்காக, முதன்முறையாக ஜெர்மன் மொழியிலேயே எடுத்தார். கதை நடந்த மொழியில் வந்த இந்தக் கடைசிப் படம்தான் நாவலை விட்டு அதிகம் விலகிப் போயிருக்கிறது.

விலகுவது குற்றமல்ல. பெர்கர் படத்தின் தொடக்கத்தையே பார்க்கலாம். தாக்குதலில் ஒரு சிப்பாய் சாகிறான். பிணங்களிலிருந்து உடுப்புகளைக் கழற்றி மூட்டை கட்டுகிறார்கள். ரத்தம் போக அலசி, கிழிசலைத் தையல் மெஷினில் ஒட்டுப்போட்டு, புதிதாகப் பட்டாளத்தில் சேரும் பையன்களிடம் நீட்டுகிறார்கள். கதாநாயகன் பவுல் போய்மருக்குக் கிடைத்த சட்டையில் வேறொருவன் பெயர் தைத்திருக்கிறது. அவன் கேட்கிறான், அதிகாரி அந்தத் துணித்துண்டைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். நாவலில் இப்படி ஒரு காட்சி கிடையாது. ஆனாலும் நாவலின் உயிர் இதில் இருக்கிறது. சாகக் கிடக்கும் நண்பன் கெம்மரிக்கின் பூட்ஸ் ஒருவர் மாற்றி ஒருவராகக் கைமாறுவதை ரெமார்க் எழுதியிருக்கிறார். அதே எண்ணத்தைப் பெர்கர் ஒரு தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறார்.

பெர்கர் விட்டுவிட்ட பகுதிதான் உறுத்துகிறது.

நாவலின் நடுவில் பவுலுக்குப் பயணத்தையும் சேர்த்துப் பதினேழு நாள் விடுப்பு கிடைக்கிறது. ஊருக்கு வருகிறான். அம்மாவுக்குப் புற்றுநோய். அவன் அறையில் புத்தகங்கள் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. எடுத்துப் புரட்டினாலும் மனம் ஒட்டவில்லை. பீர் மேசையைச் சுற்றி உட்கார்ந்த பெரியவர்கள் எந்தெந்த நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கே பாடம் நடத்துகிறார்கள். கெம்மரிக்கின் தாய், மகன் எப்படிச் செத்தான் என்று கேட்டு அழுகிறாள். துடிக்காமல் உடனே உயிர் போய்விட்டது என்று பவுல் சத்தியம் செய்கிறான். அது பொய். அந்த அத்தியாயத்தில் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. ஆனால் போர் அவனை என்ன செய்துவிட்டது என்பது அங்கேதான் தெரிகிறது: பதுங்கு குழியில் நெஞ்சு இறுகிப் போனவன் வீட்டில் உடைகிறான்.

மைல்ஸ்டோன் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். அவர் படத்தில் ஊருக்கு வந்த பவுல் தன் பழைய வகுப்பறைக்கே போகிறான். அவனையும் நண்பர்களையும் உசுப்பிவிட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பிய வாத்தியார் காண்டோரெக், அடுத்த தொகுதி மாணவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பவுல் உள்ளதை உள்ளபடி சொல்கிறான். பையன்கள் அவனைக் கோழை என்கிறார்கள். நாவலில் இப்படி நேருக்கு நேர் மோதல் இல்லை. ஆனால் நாவலின் குற்றச்சாட்டு இதுவேதான்: பிள்ளைகளைப் போருக்கு அனுப்பியவர்களில் அவர்கள் மதித்த வாத்தியாரும் இருந்தார்.

இந்தப் படத்தின் வண்ணத்துப்பூச்சிக் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். பதுங்கு குழிக்கு வெளியே ஒரு பூச்சி வந்து உட்கார, பவுல் கையை நீட்ட, எதிரியின் தோட்டா பாய்கிறது. படத்தில் நாம் பார்க்கும் அந்தக் கை மைல்ஸ்டோனுடையது. விடுப்பில் வந்தபோது, சிறுவயதில் தான் சேர்த்த வண்ணத்துப்பூச்சிகளை வீட்டுச் சுவரில் பவுல் பார்த்திருக்கிறான். அதனால்தான் அந்தக் கை நீள்வதில் ஒரு வீடும் ஒரு பிள்ளைப் பருவமும் சேர்ந்து வருகின்றன. ஊர்க்காட்சி இல்லாவிட்டால் அது வெறும் அழகான ஷாட்டாக நின்றிருக்கும்.

1979 படம் அந்த அளவுக்கு இல்லை. பல இடங்களில் பாடப்புத்தகம் போல நகர்கிறது. ஆனாலும் அம்மாவாக வரும் பாட்ரீசியா நீலும் அனுபவசாலிச் சிப்பாய் காட் வேடத்தில் எர்னஸ்ட் போர்க்நைனும் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

விடுப்பை வெட்டிய இடத்தில் பெர்கர் போர்நிறுத்தப் பேச்சுவார்த்தையை வைக்கிறார். கொம்பியேன் காட்டில் நின்ற ரயில் பெட்டியில் ஜெர்மனி சார்பில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் 1921-இல் தேசியவாதத் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டவர். ஒரு ஜெர்மன் இயக்குநர் இந்த வரலாற்றைத் தொட நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கூடவே ஃப்ரீட்ரிக்ஸ் என்றொரு கற்பனைத் தளபதியும் வருகிறார். 1918 நவம்பர் 11 காலை, போர் ஓய இன்னும் சில நிமிடங்களே இருக்கையில், தன் வீம்புக்காகத் தாக்குதலுக்கு உத்தரவிடுகிறார். பவுல் அதில் சாகிறான். நாவலில் அவன் சாவது அக்டோபரில், குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமே நடக்காத ஒரு நாளில். கொடூரமான ஒரு தளபதியைக் காட்டியதும் பார்வையாளரின் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது. வாத்தியாரும் பீர் மேசைப் பெரியவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சாதாரண மனிதர்களையும் காட்டிய மைல்ஸ்டோனின் படம் 1930-இல் பலரைச் சுட்டது. அந்த டிசம்பரில் பெர்லின் திரையரங்கில் நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டு, நாற்றக் குண்டு வீசிக் காட்சியைக் கலைத்தார்கள். சில நாட்களில் படம் தடை செய்யப்பட்டது. 1933-இல் ரெமார்க்கின் புத்தகங்கள் எரிக்கப்பட்டன.

பெர்கரின் படம் நான்கு ஆஸ்கர் வென்றது. ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் அது முழுத் தகுதி உடையது. சேற்றையும் பீதியையும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் இந்த நாவலைத் திரையில் சந்திக்க விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு வெள்ளையில் வந்த 1930 படத்தைத்தான். நான்காவது முறையாக யாரேனும் இந்த நாவலைக் கையில் எடுத்தால், திரைக்கதையை அந்தப் பதினேழு நாட்களிலிருந்து எழுதத் தொடங்கட்டும்.