முற்றுகைக்குப் பின்னர் கேட்கப்படாத கேள்விகள்

"மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிய விபசார விடுதி முற்றுகை, பெண்கள் மூவர் கைது." இந்தத் தலைப்பைக் காணாத வாரம் நமக்கு அரிது. செய்தி மேசையில் பணியாற்றிய காலத்தில் நானும் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். கைதானோரின் வயது, ஊர், 'நீதிமன்றில் ஆஜர்படுத்தப்படவுள்ளனர்' என்ற கடைசி வரி. அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

அந்தக் கடைசி வரிக்குப் பின்னர் நடப்பதை, கொழும்பை அண்டிய நீதவான் நீதிமன்றம் ஒன்றில் பார்த்தேன். துப்பட்டாவால் முகத்தை மூடியபடி நின்ற மூவரில் ஒருவர் மலையகத்திலிருந்து வந்த தமிழ்ப்பெண். அவருடைய வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. வாசித்துக் காட்டினார்களா என்று வெளியே வைத்துக் கேட்டேன். "சைன் வைக்கச் சொன்னாங்க அக்கா, வைச்சேன்" என்றார். தண்டப்பணத்தைக் கட்டியது நிலையத்தின் ஆள். "அதுவும் என் கடனிலதான் சேரும்."

அரசு விதித்த தண்டம், அவரை அங்கே கட்டிவைத்திருந்த கடனை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறது. வேலைக்கென அழைத்து வந்தது யார், அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, விரும்பினால் வெளியேற முடியுமா என்று எவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

கேட்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 360(சி) பிரிவு, 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆட்கடத்தலுக்கு இரண்டு முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஏமாற்றியோ அச்சுறுத்தியோ பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்பது அதன் அடிப்படை. ஆனால் முற்றுகைகளில் கைக்கெட்டுவது 1889 ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமும், 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும்தான். விடுதி நடத்தியவருக்கு முதற் குற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய சிறை ஆறு மாதங்கள் வரைதான்.

காரணம் விளங்குகிறது. பழைய சட்டத்தின் கீழ் வழக்கு அதே வாரத்தில் முடிந்துவிடும். 360(சி) என்றால் ஆட்சேர்த்தவரைத் தேட வேண்டும், பணம் போன வழியைப் பார்க்க வேண்டும், சாட்சியைப் பாதுகாக்க வேண்டும், சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோவை அனுப்ப வேண்டும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. முற்றுகைக்குப் போவதோ பெரும்பாலும் உள்ளூர் பொலிஸ் நிலையம்.

உள்ளூராட்சி சபைகளின் பங்கு இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. வியாபார அனுமதிப்பத்திரமும் வரியும் அவற்றின் கையில் உள்ளன. கட்டடத்தின் உரிமையாளர் யார், நடத்துபவர் யார், மூடப்பட்ட இடம் வேறு பெயரில் மீண்டும் திறக்கிறதா என்பதை அறியக்கூடிய இடம் சபைதான். பெரும்பாலான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை அவை மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கேள்வி கேட்கலாம்.

கேட்க வேண்டியவர்களே சந்தேகநபர்களான கதையும் நம்மிடம் உண்டு. 2021 இல் கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருவர் இணைய விளம்பரங்கள் மூலம் விற்கப்பட்ட வழக்கில் பலர் கைதாகினர். அவர்களுள் மிகிந்தலை பிரதேச சபையின் அப்போதைய உப தலைவரும் ஒருவர். அந்தச் செய்திகளில் சில சிறுமியை 'விபசாரத்தில் ஈடுபட்டவர்' என்றே குறிப்பிட்டன. 15 வயதுப் பிள்ளை எதிலும் 'ஈடுபடுவதில்லை', ஈடுபடுத்தப்படுகிறது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. பாதிக்கப்பட்டோரை அடையாளம் காணும் நடைமுறைகள் ஏற்கெனவே எழுத்தில் உள்ளன. குற்றப்பத்திரம் எழுத முன்னர் அந்தக் கேள்விகளைப் பெண்ணுக்கு விளங்கும் மொழியில் கேட்பது, வாக்குமூலத்தைத் தமிழில் பதிவது, தண்டப்பணத்தைக் கட்டுபவர் யார் என்று பார்ப்பது, அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முன்னர் பொலிஸாரின் பதிவைச் சபை கேட்டுப் பெறுவது. சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களையும் தமிழில் ஒட்டலாம்.

எங்களுக்கும் ஒன்று உண்டு. அடுத்த முற்றுகைச் செய்தி வரும்போது, எத்தனை பெண்கள் கைதானார்கள் என்பதோடு, அவர்களை அங்கே கொண்டுவந்தவர் கைதானாரா என்றும் பொலிஸ் பேச்சாளரிடம் கேட்பது.