தலையணையை மாற்றலாமா?

மாணவர்களே, ஸ்ரீபெரும்புதூரில் 2007இல் டெல் நிறுவனத்தின் மேசைக் கணிப்பொறிகள் தயாராகத் தொடங்கின. ஆலையில், பாகங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணக்கிட்டே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பொருத்துவார்கள். வீட்டில் நாம் புதிய கிராபிக்ஸ் அட்டையைச் செருகியதும் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது அல்லவா?

விளையாட்டு தொடங்கியதும் கணிப்பொறி அணைந்து மீண்டும் மீண்டும் உயிர் பெறுகிறதா? உடனே விண்டோசை அழித்துப் புதிதாக ஏற்றுகிறவர்கள் பலர். தலைவலிக்குத் தலையணையை மாற்றும் வேலை இது! சேமித்த பாடங்களும் படங்களும் போனதுதான் மிச்சம்.

அட்டை தன் செருகுவாயின் வழியே 75 வாட் வரைதான் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி தேவை. சுமை திடீரென ஏறும்போது 12 வோல்ட் மிகவும் சரிந்தால், 'மின்சாரம் சரி' என்று தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டிருந்த சைகை நின்றுபோகும். கணிப்பொறி முதலிலிருந்து தொடங்கும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழைய அட்டையை மட்டும் திரும்பச் செருகிப் பாருங்கள். வேறெதையும் தொடாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று எப்படி அறிவீர்கள்? கோளாறு நின்றால், சந்தேகம் புதிய அட்டைமீதும் எஸ்.எம்.பி.எஸ்.மீதும்தான். வலுவான பெட்டி ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தால் அதுவும் தீரும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பழைய கணிப்பொறி ஒன்றை வைத்து இதைப் பழக்க வேண்டும் என்பேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.